தாய்ப்பாலும் தாயின் கூலியும்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை வட்டாரத்தில் தறியையும் கரும்புக் காட்டையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அங்கே குழந்தை பிறந்தால் தாய்க்குப் பால் ஊறும், கூலி நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையே தவிக்கும் சிசுவைப் பற்றி நம் அரசியல் மேடைகளில் எவரும் பேசக் காணோம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்; ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டுமே; பின்னர் பிற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால். இதுவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வைத்தியர் சொல்லும் மருந்து தவிர, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், புட்டிப்பால் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரேயாதலால் சித்திரை வெயிலிலும் தனியே தண்ணீர் தர வேண்டுவதில்லை. அசுத்த நீராலும் கழுவாத புட்டியாலும் வரும் பேதிக்கு அங்கே வழியில்லை. மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறிவது பேதைமை. நோய் தடுக்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. தாய்க்கும் நன்மை உண்டு. கருப்பை விரைவில் சுருங்கி உதிரப்போக்கு குறையும். மார்பிலும் சூலகத்திலும் புற்றுநோய் உண்டாகும் அபாயமும் குறையும்.

ஆயினும் நடப்பதென்ன? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசீய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்ந்தன. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பருகியவை நூற்றுக்குச் சுமார் 55 தான். இந்தியா முழுவதற்குமோ சுமார் 64. ஆஸ்பத்திரி வரை தாயை அழைத்துச் சென்ற நாம், வீடு திரும்பியபின் அவளைக் கைவிட்டோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. புட்டிப்பால் விளம்பரத்தைத் தடுக்க 1992ல் சட்டம் பிறந்தது. 2015ல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2017ல் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுமுறை 26 வாரமாயிற்று. அதாவது ஆறு மாதம். ஆனால் அது பத்துப் பேருக்குக் குறையாத ஸ்தாபனங்களில் வேலை செய்வோருக்கே. வீட்டுத் தறியில் அமர்பவளுக்கும் கரும்பு வெட்டுபவளுக்கும் விடுமுறை தருபவர் யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் சர்க்கார் வழங்கும் பிரசவ உதவி ஏழைத் தாய்க்குப் பெருந்துணையே. எனினும் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

கிராமத் தொண்டில் இறங்கியுள்ள நண்பர்களே! இது பெண்கள் விஷயம் என்று ஒதுங்காதீர்கள். கணவன் தண்ணீர் சுமக்கட்டும், அடுப்பையும் பார்க்கட்டும். வேலை கொடுப்போர், பாலூட்டும் வேளைக்குக் கூலி பிடிக்காதிருக்கட்டும். உதவித்தொகையை உயர்த்தும்படி நாம் சர்க்காரைக் கேட்போம். தாய்ப்பாலுக்கு விலை இல்லை என்கிறோம். அதை ஊட்டும் நேரத்துக்கு விலை உண்டு. அவ்விலையை இன்று தாய் ஒருத்தியே கொடுத்து வருகிறாள்.