முகப்பு விளக்கு எரியவில்லையா? பல்பை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: டிசம்பர், ஜனவரி மாதங்களில் கங்கைச் சமவெளியை மூடும் பனிமூட்டத்தில் எதிரே ஒற்றை விளக்கொளி தெரிந்தால், வருவது இரு சக்கர வாகனம் என்றே ஓட்டுநர்கள் கணிக்கின்றனர். அது ஒருபக்க விளக்கு பழுதான லாரியாக இருந்துவிட்டால், கணிப்பைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் ஒரு சில விநாடிகளே.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலான நேரத்தில்தான் விபத்துகள் அதிகம் நிகழ்கின்றன என்பதை அந்த அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இதற்கு விளக்குப் பழுது மட்டுமே காரணம் எனக் கூற முடியாது. எனினும், ஓட்டுநர் புறப்படுவதற்கு முன்பே தன் கையால் சரிசெய்துவிடக்கூடிய மிகச் சில காரணங்களில் இதுவும் ஒன்று.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரையிலும், போதிய வெளிச்சம் இல்லாத வேறு எந்த நேரத்திலும் விளக்குகள் எரிய வேண்டும். 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதர்களும் வாகனங்களும் அந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் இரு சக்கர வாகனங்களில் என்ஜின் இயங்கும்போதே முகப்பு விளக்கும் தானாக எரியும். ஆகவே, அவ்வகை வாகனங்களில் பழுதைப் பகலிலேயே கண்டறிந்துவிடலாம்.

எது எரியவில்லை?

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் செய்வது புதிய பல்ப் வாங்குவது. பெரும்பாலும் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. அமையாதபோதுதான் பணமும் நேரமும் வீணாகின்றன. எனவே, முதலில் கவனிக்க வேண்டியது எந்த விளக்கு, எந்த ஒளி எரியவில்லை என்பதைத்தான்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை எனில், பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். பல்ப், அதன் பின்புறக் கனெக்டர், எர்த் வயர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பல கார்களில் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி பியூஸ் உண்டு என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது. நன்றாக எரியும் பக்கத்துப் பல்பைக் கழற்றி எரியாத பக்கத்தில் பொருத்திப் பார்ப்பதே செலவில்லாத சோதனை. அங்கும் எரியவில்லை எனில் குற்றம் பல்பினுடையது அல்ல.

கார்களில் பரவலாக உள்ள ஹெச்4 வகை ஹாலஜன் பல்பில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட் என இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று எரியும். லோ பீம் அணைந்த பிறகு ஹை பீமிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர் உண்மையில் பழுதை எதிரே வருபவரின் கண்ணுக்கு மாற்றிவிடுகிறார். பனிமூட்டத்தில் அந்த ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறித் திரும்புவதால் அவருக்கும் பாதை தெரியாது.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் சந்தேகம் பியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றின் மீது திரும்ப வேண்டும். ஆனால், ஒரு பல்ப் முன்பே போய், அதைக் கவனிக்காமல் விட்டிருந்து, இப்போது மற்றொன்றும் போயிருக்கலாம். இது அரிதான நிகழ்வு அல்ல.

பியூஸ், ரிலே, எர்த்

பியூஸ் பெட்டியின் மூடியிலோ வாகனக் கையேட்டிலோ எந்த பியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே பொருத்த வேண்டும். சிவப்பு 10 ஆம்பியரையும் நீலம் 15 ஆம்பியரையும் குறிக்கும். புதிய பியூஸும் உடனே போனால், எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று பொருள். அந்நிலையில் பெரிய பியூஸையோ வெறும் கம்பித் துண்டையோ வைத்தால் விளக்கு எரியலாம். கூடவே வயரும் எரியும்.

ரிலேயைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே எண் பொறித்த ஹாரன் ரிலே பெட்டியில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். விளக்கு எரிந்து ஹாரன் ஒலிக்காமல் போனால் பழுது எது என்பது தெரிந்துவிடும்.

பழுதுபார்ப்போர் பலரும் கடைசியில் தேடுவதும், முதலில் தேடியிருக்க வேண்டியதும் எர்த் இணைப்புதான். வெளிச்சம் மங்கி ஆரஞ்சு நிறமாகத் தெரிவது, இண்டிகேட்டர் போடும்போது முகப்பு விளக்கும் சேர்ந்து துடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். மழைக்காலத்துக்குப் பின் கனெக்டர் முனைகளில் பச்சை படிந்திருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கனெக்டர் கருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றியாக வேண்டும்.

கருகுவதற்கு ஒரு முக்கியக் காரணம் அதிக வாட் பல்புகள். 55 வாட் பல்ப் இரண்டும் 12 வோல்ட்டில் எடுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர். கடைகளில் கிடைக்கும் 100 வாட் பல்புகளைப் பொருத்தினால் அது 16 ஆம்பியரைத் தாண்டிவிடும். நிறுவனம் பொருத்திய வயரும் சுவிட்சும் இந்தச் சுமைக்காக உருவாக்கப்பட்டவை அல்ல.

பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் முகப்பு விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. என்ஜினோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக வருகிறது. என்ஜின் நின்றிருக்கையில் அது எரியாதது பழுதல்ல. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது பல்ப் அடிக்கடி போனால், ரெகுலேட்டரைச் சோதிக்காமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

எல்இடி விளக்குகளின் கதை வேறு. பல புதிய கார்களில் அவை முழுமையாக மூடப்பட்ட தொகுப்பாகவும், கணினிக் கட்டுப்பாட்டிலும் இயங்குகின்றன. பியூஸைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு சேவை மையத்தை நாடுவதே உத்தரவாதத்துக்கும் நல்லது.

விளக்கு நடுவழியில் அணைந்தால் அபாய விளக்குகளைப் போட்டபடி வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு முழுமையாக விலகி நிறுத்த வேண்டும். பனிமூட்டத்தில் சாலையோரமாக ஒதுங்கினால் மட்டும் போதாது. பின்னால் வருபவர் முன்னே தெரியும் சிவப்பு விளக்கையே வழிகாட்டியாகக் கொண்டு தொடர்ந்து வரக்கூடும்.

ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. படியும் எண்ணெய்ப் பசை சூடேறி, பல்பின் ஆயுளைக் குறைக்கும். ஹெச்4 பல்பின் மூன்று பற்களும் அதற்குரிய பள்ளங்களில் சரியாக உட்கார வேண்டும். மாற்றி முடித்ததும் வண்டியைச் சுவரின் முன் நிறுத்தி லோ பீமைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இரு பக்க ஒளியும் ஒரே உயரத்தில், விளக்கின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். ஒன்று மேலே ஏறியிருந்தால் பல்பைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும்.