ஐந்தாம் வகுப்புப் படிப்பும் ஒரு பல்கலைக்கழகமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய் எடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர்களில் நான்கு பேரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: எச்.எல். ஹன்ட், சிட் ரிச்சர்ட்சன், கிளின்ட் மர்ச்சிசன், ஹியூ ராய் கல்லன். இவர்களுள் கல்லன், சேர்த்ததில் பெரும்பகுதியைத் தம் காலத்திலேயே கொடுத்துவிட்டவர் என்பதற்காக நினைக்கப்படுகிறார். அந்தக் கொடையில் பெரும்பங்கு பெற்றது ஹூஸ்டன் பல்கலைக்கழகம்.

மிட்டாய்ப் பையிலிருந்து பருத்தி மூட்டைக்கு

கல்லன் 1881 ஜூலை 3 அன்று டென்டன் வட்டாரத்தில் பிறந்தார். பாட்டனார் எசக்கியேல் கல்லன் டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த நாளில் அதன் சட்டமன்றத்தில் இருந்தவர். பள்ளிகளுக்காகப் பொது நிலத்தை ஒதுக்கிவைத்த 1839ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னின்று உழைத்தவர். பேரனுக்கோ பள்ளி வாய்க்கவில்லை. பெற்றோர் பிரிந்துவிட, சான் அன்டோனியோ நகரில் தாயாரிடம் வளர்ந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிட்டாய் நிறுவனம் ஒன்றில் மிட்டாயைப் பைகளில் அடைக்கும் வேலை. வாரக் கூலி 3 டாலர். விட்ட படிப்பை இரவில் புத்தகங்களைப் படித்து ஈடுசெய்துகொண்டார்.

அடுத்து பருத்தி வியாபாரத்தில் சேர்ந்தார். விவசாயிகளிடம் பஞ்சு பார்த்து விலை பேசும் பழக்கம் அங்கே வந்தது. 1903இல் லில்லி கிரான்ஸ் என்பவரை மணந்தார். சொந்தமாகப் பருத்தித் தரகு செய்துவிட்டு, 1911இல் ஹூஸ்டனுக்குக் குடிபெயர்ந்து நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினார். 1915இல், எண்ணெய்க் குத்தகை வாங்கித் தரும்படி நகரத்து வணிகர் ஒருவர் கேட்டுக்கொண்டதே அவரை எண்ணெய்த் தொழிலுக்குள் கொண்டுவந்தது. அப்போது அவருக்கு வயது 34.

குவிமாடத்தின் விலாவில்

இந்தியாவில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குரியது. அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியில் கிடைப்பது பொதுவாக நிலத்தின் சொந்தக்காரருக்கே சேரும். எனவே துளையிட விரும்புபவர் முதலில் நில உடைமையாளரிடம் குத்தகை எழுதி வாங்க வேண்டும்; எண்ணெய் கிடைத்தால் அவருக்கு விளைச்சலில் ஒரு பங்கு, அந்நாளில் பெரும்பாலும் எட்டில் ஒன்று, போகும். கிராமத்து மனிதர்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய இந்த வேலைக்குப் பருத்தித் தரகரின் அனுபவம் பொருத்தமாக அமைந்தது.

டெக்சாஸ் வளைகுடாக் கரையின் எண்ணெய் வரலாறு 1901 ஜனவரி 10 அன்று போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் பீறிட்ட கிணற்றோடு தொடங்குகிறது. நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் பீப்பாய் என்ற கணக்கில் பாய்ந்த அந்த எண்ணெய் உப்புக் குவிமாடத்தின் உச்சியில் தேங்கியிருந்தது. ஆழத்தில் புதைந்த உப்பு, சுற்றியுள்ள பாறையைவிட லேசானது; அழுத்தம் தாங்காமல் தூண்போல மேலெழுந்து அடுக்குகளைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தூணின் தலையிலும் அதை ஒட்டி வளைந்த அடுக்குகளிலும் எண்ணெய் சிக்கிக்கொள்ளும். தலையில் இருந்ததை எடுத்ததும் பல வயல்கள் வற்றிவிட்டன என்று கைவிடப்பட்டன.

கல்லனின் வாய்ப்பு அங்கேதான் இருந்தது. உச்சியை விட்டுவிட்டு விலாப்பக்கம் போ, மற்றவர்கள் நிறுத்திய இடத்துக்கும் கீழே துளையிடு என்பதே அவர் முறை. புவியியல் பட்டம் அவரிடம் இல்லை. ஓடை எங்கே வளைகிறது, மேடு எப்படிச் சரிகிறது என்று பார்த்து அடியில் உள்ள அமைப்பை ஊகிப்பார். படித்த புவியியலாளர்கள் இந்த ஓடைக் கணக்கைக் கேலி செய்ததுண்டு. ஆனால் பியர்ஸ் ஜங்ஷன், புளூ ரிட்ஜ் வயல்களில் கிணறுகள் எண்ணெய் தந்தன. ஹம்பிள் வயலில் வேறொரு தடை இருந்தது. அங்குள்ள களிப்பாறை நீர் பட்டதும் உப்பிக் குழியை நெருக்கி, துளையிடும் குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த அடுக்கைத் தாண்டிப் போய் அடியிலிருந்த எண்ணெயை எடுத்தது அவருக்குத் தொழிலில் பெயர் வாங்கித் தந்தது.

1920களின் பிற்பகுதியில் ஜிம் வெஸ்ட் என்ற மரவணிகரோடு கூட்டுச் சேர்ந்தார். இருவரும் ஃபோர்ட் பெண்ட் வட்டாரத்தில் கண்ட ராப்ஸ் ரிட்ஜ் வயல் பெரும் விலைக்கு ஹம்பிள் ஆயில் நிறுவனத்திடம் போனது. அந்நிறுவனம் எக்ஸான் குடும்பத்தின் முன்னோடி. 1932இல் கல்லனின் குவின்டானா பெட்ரோலியம் நிறுவனம் தோன்றியது. 1934இல் அந்நிறுவனம் ரெஃபுஜியோ வட்டாரத்தில் கண்டறிந்த டாம் ஓ'கானர் வயல், வளைகுடாக் கரையின் மிகப் பெரிய வயல்களுள் ஒன்று.

மாலைநேரக் கல்லூரி

ஹூஸ்டன் நகரப் பள்ளித் துறை 1927இல் ஓர் இளநிலைக் கல்லூரியைத் தொடங்கியது. சான் ஜசின்டோ உயர்நிலைப் பள்ளியின் கட்டடம் பகலில் பள்ளிக்கு வேண்டும். ஆகவே கல்லூரிக்கு மாலையில்தான் இடம். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தோதாகவும் அமைந்தது. 1934இல் அது நான்காண்டுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோதும் சொந்தக் கட்டடம் இல்லை. தேவாலயங்களில் வகுப்புகள் நடந்தன. 1936இல் பென் டாபும் ஜூலியஸ் செட்டகாஸ்டின் வாரிசுகளும் 110 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள்.

அதே 1936இல் கல்லனின் ஒரே மகன் ராய் குஸ்டாவ், எடின்பர்க் என்ற ஊருக்கு அருகே துளையிடும் கோபுரம் சரிந்து இறந்தார். 1938இல் கல்லன் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடத்துக்கு 3,35,000 டாலர் கொடுத்தார். மகன் பெயர் தாங்கிய அந்தக் கட்டடம் 1939 ஜூனில் திறக்கப்பட்டது. உழைக்கும் மக்களும் அவர்களின் பிள்ளைகளும் படிக்கும் இடமாகவே இது இருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய எண்ணம்.

1945இல் பல்கலைக்கழகம் நகரப் பள்ளித் துறையிலிருந்து பிரிந்து தனி ஆட்சிக் குழுவின் கீழ் வந்தது. அதன் தலைவர் கல்லன். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை மத்திய அரசு ஏற்றதால் மாணவர் கூட்டம் பெருகியது. பாட்டனார் எசக்கியேலின் பெயரிலான பெரிய கட்டடம் 1950இல் திறக்கப்பட்டது. 1953இல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பேய்லர் பல்கலைக்கழக அணியை 37க்கு 7 என வென்றது. அந்த மகிழ்ச்சியில் 22.5 லட்சம் டாலர் அறிவித்தார். அமெரிக்கச் செய்தித்தாள்கள் இதை வியப்போடு எழுதின.

மருத்துவமும் அவர் கொடையில் பங்கு பெற்றது. 1945இல் ஹூஸ்டன் மருத்துவமனைகள் பலவற்றுக்குத் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். டெக்சாஸ் மருத்துவ மையத்தில் முதலில் எழுந்த கட்டடம் பேய்லர் மருத்துவக் கல்லூரியினுடையது. 1947இல் திறக்கப்பட்ட அது கல்லன் தம்பதியரின் பெயரைத் தாங்குகிறது. அதே ஆண்டு, சுமார் 16 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெய்ச் சொத்துகளை ஒப்படைத்துக் கல்லன் அறக்கட்டளையை நிறுவினார்.

கொடையின் எல்லை

கல்லனின் அரசியல் கடுமையான வலதுசாரி அரசியல். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ‘புதிய ஒப்பந்தம்’ (நியூ டீல்) என்ற அரசு நலத்திட்டங்களை எதிர்த்தார். கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் பிரசாரம் நடத்திய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை ஆதரித்தார். அரசு குறுக்கிடாமல் தனியாரே கொடுத்துச் செய்ய வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஆயினும் எண்ணெய் வருமானத்தில் 27.5 விழுக்காட்டுக்கு வரிவிலக்குத் தந்த 1926ஆம் ஆண்டின் கூட்டாட்சி வரிச் சட்டம் அந்தத் தலைமுறை எண்ணெய் முதலாளிகள் அனைவரையும் வளர்த்தது.

உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கான பல்கலைக்கழகம் என்றாலும், அவர் காலத்தில் அதன் கதவு வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது. கறுப்பின மாணவர்களுக்கு 1927இலேயே தனிக் கல்லூரி இருந்தது. இன்றைய டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சி. 1946இல் அக்கல்லூரி சொந்த வளாகத்துக்கு மாறியபோது கல்லன் அதற்கும் உதவினார். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது 1962இல்தான்.

கல்லன் 1957 ஜூலை 4 அன்று ஹூஸ்டனில் காலமானார். செல்வத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதற்குள் கொடுத்திருந்தார் என்பது பொதுவான மதிப்பீடு. 1963இல் பல்கலைக்கழகம் மாநில அரசின் நிறுவனமாயிற்று. தனியார் கொடையால் வளர்ந்தது பொதுப்பணத்தில் நிலைபெற்றது. இன்று 46,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி கல்லன் பெயரில் இயங்குகிறது. அறக்கட்டளை இன்றும் டெக்சாஸுக்குள்ளேயே, பெரும்பாலும் ஹூஸ்டனுக்கே, நிதி வழங்கிவருகிறது.