பாதி கட்டிய வீடு

கிணற்றுமேட்டுப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டுவது ஆண் குருவி. இனப்பெருக்கக் காலத்தில் அதன் உச்சந்தலை பளிச்சென்று மஞ்சளாகிவிடும். ஓலையையும் புல்லையும் நார் நாராகக் கிழித்துவந்து, அலகாலேயே முடிச்சுப் போட்டுப் பின்னும். ஆனால், கூட்டை முழுசாகக் கட்டாது. ஹெல்மெட்டைக் கவிழ்த்தாற்போல் பாதி முடிந்ததும், சிறகைப் படபடத்துக் கூவி அழைக்கும். பெண் குருவி வந்து உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, நாரை இழுத்துச் சோதிக்கும். நம்மூர்ப் பெண்வீட்டார் கெட்டார்கள்! பிடித்தால்தான் முட்டை அறையும் நீண்ட வாசற்குழலும் கட்டப்படும். பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே தொங்கும். 1930-இல் மும்பைக்குத் தெற்கே கிஹிம் கிராமத்தில் இதையெல்லாம் கூர்ந்து பார்த்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி. பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் என்ன செய்யும்? அடுத்த துணையைத் தேடி, பக்கத்திலேயே இன்னொரு கூட்டுக்கு நார் கிழிக்கக் கிளம்பிவிடும்.