ஜிர்கானுக்குள் இருக்கும் தேதி

போன மாசம் பழைய லேப்டாப்பில் இருந்த காலேஜ் போட்டோக்களைப் புதுசுக்கு மாத்தினேன். பார்த்தா, எல்லாத்துக்கும் ஒரே தேதி: காப்பி பண்ணின தேதி. எப்போ எடுத்ததுன்னு தெரியணும்னா, படத்துக்குள்ளே கேமரா எழுதி வைத்ததைத் தோண்டணும். இன்றைய எபிசோடும் அதே பிரச்னைதான்.

வடமேற்குக் கனடாவில் அகாஸ்டா ஆற்றுப் பக்கம், உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று இருக்கு. மக்மா உறைந்து உருவான தீப்பாறை. அப்புறம் பல தடவை சூடாகி, நசுங்கி, கறுப்பும் வெளுப்புமா பட்டை விழுந்த நைஸ் பாறையாக மாறிவிட்டது. மொத்தப் பாறையையும் அரைத்துச் சோதித்தால் பழசும் புதுசும் கலந்த பதில்தான் வரும்.

தாக்குப்பிடிப்பது ஜிர்கான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும். மக்மாவில் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட சேர்க்கவே சேர்க்காது. அதனால் இன்றைக்கு உள்ளே இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி வருஷம், யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம்! இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால், நடுவில் ஈயம் கசிந்திருக்கலாம். செக்சம் மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஆனா பாறை உருமாறும்போது ஜிர்கான் மேலேயும் புது உறை வளரும். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் படிகம் மங்கலாக ஒளிரும். உள்ளே மக்மாவில் வளர்ந்த வரிகள், வெளியே வரியில்லாத உறை. உறையில் தோரியம் பெரும்பாலும் ரொம்பக் குறைவு, விதிவிலக்கும் உண்டு. அளக்கிற புள்ளி எல்லையில் விழுந்தால், எந்தச் சம்பவமும் நடக்காத ஒரு தேதி கிடைக்கும்.

உள்கருவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1999இல் பௌரிங்கும் வில்லியம்ஸும் அகாஸ்டாவுக்கு 403 கோடி வருஷம் என்றார்கள். 2006இல் அங்கேயே 420 கோடி வருஷ ஜிர்கான் ஒன்று கிடைத்தது. அது பாறையின் வயது இல்லை. இன்னும் பழைய பாறையிலிருந்து மக்மா அள்ளிக்கொண்டு வந்தது.

சரி, அந்த மக்மா எதிலிருந்து வந்தது? அதற்கு ஆக்சிஜன். 2014இல் அங்கே 402 கோடி வருஷ ஜிர்கான்களில் பார்த்தபோது, கனமான ஆக்சிஜன்-18 மேன்டில் அளவைவிடக் கொஞ்சம் குறைவு. மேலோட்டில் அதிக ஆழம் இல்லாத இடத்தில், வெந்நீர் ஊறின பாறையை மக்மா உருக்கிச் சேர்த்துக்கொண்டால் அப்படி ஆகும். இன்றைக்கு ஐஸ்லாந்து எரிமலைகளுக்கு அடியில் நடப்பதும் அதுதான்.