பிளக் காட்டும் நோய்க்குறி

நுழையும்முன்
பழுதைக் காட்டும் உறுப்பு ஒன்றாகவும் அதற்குக் காரணமான உறுப்பு வேறொன்றாகவும் இருப்பதுண்டு. பழைய இயந்திரம் ஒன்றின்வழி இதனை அறிவோம்.

பல்லாண்டுகள் ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று காலையில் எளிதில் கிளம்புவதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், முனையில் கரிய பிசுபிசுப்புப் படிந்துள்ளது. புதிய பிளக்கைப் பொருத்தியதும் வண்டி நன்றாக ஓடுகிறது. சில நாள்களில் பழைய நிலை திரும்புகிறது. ஏன்?

பிளக்கின் இரு மின்முனைகளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உண்டு. அங்குத் தாவும் தீப்பொறியே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கிறது. எண்ணெய் எரிந்த கரி பீங்கான் காப்பின்மீது படிந்தால், மின்சாரம் அதன்வழியே கசிந்துவிடும், பொறி வலுவிழக்கும்.

நோயறிதல்
பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருப்பின் இயந்திரம் நலமாக உள்ளது. உலர்ந்த கரிப்பொடி, கலவையில் பெட்ரோல் மிகுந்ததைக் காட்டும். ஈரமாக மினுங்கும் கருமையே எண்ணெய் புகுந்ததன் அடையாளம்.

எண்ணெயின் அளவு வரம்பை மீறவில்லை என்பதை முதலில் உறுதிசெய்க. பின்னர், எண்ணெய் புகும் வழியைத் தேடுக. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே கீழிருந்து ஏறலாம். இறுகிப்போன வால்வு சீல்களின் வழியே மேலிருந்து இறங்கலாம். உருளையின் அழுத்தத்தை அளந்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் இடுக்கை அடைப்பதால் அழுத்தம் நன்கு உயர்ந்தால், வளையங்களோ உருளைச் சுவரோ தேய்ந்துள்ளன எனலாம். உயராவிடின் வால்வுப் பகுதியை ஆராய வேண்டும். நின்றிருந்த வண்டியைக் கிளப்பியவுடன் மட்டும் நீலப்புகை வந்தால் சீல்களையும், வேகம் கூட்டும்போதெல்லாம் வந்தால் வளையங்களையும் ஐயுறலாம்.

தீர்வு
பிளக்கைத் துடைத்து உலர்த்திப் பொருத்துவது வீடுவந்து சேர உதவும். சீல்களை மாற்றுவது சிறிய பணி. உருளையே தேய்ந்திருப்பின், அதைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்த நேரிடும். செலவுக்கு அஞ்சிக் காலந்தாழ்த்தினால், எண்ணெய் குறைந்துகொண்டே சென்று ஒருநாள் பிஸ்டன் இறுகி, ஓடும் வண்டி சாலையிலேயே நின்றுவிடக்கூடும்.

பிளக் பழுதின் சாட்சி. சாட்சியை மாற்றுவதால் வழக்கு முடிவதில்லை.

தெரிந்து தெளிவோம்
பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது, படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மையாகும். குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியில் இவ்வெப்பம் கிட்டாமற்போகலாம்.