காரா, கம்ப்யூட்டரா?

விலை உயர்ந்த எலெக்ட்ரிக் கார் விளம்பரங்களில் இப்போது காரைவிடத் திரைதான் பெரிதாகத் தெரிகிறது. 2012இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் 17 அங்குல டச் ஸ்கிரீன். 2021இல் மெர்சிடஸ் இக்யூஎஸ் காருக்கு 141 செ.மீ. அகலத் திரையே வந்துவிட்டது. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே இது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

அதற்காகச் சாப்ட்வேரை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை டெஸ்லா மாடல் 3 காரைச் சோதித்தது. 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தபோது நிற்க 152 அடி ஆயிற்று. டெஸ்லா இணையம் வழியாக ஓர் அப்டேட் அனுப்பியது. அதே கார் 133 அடியில் நின்றது! ஸ்பேனரைத் தொடாமலே 19 அடி மிச்சம்.

ஆனால் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் கதையைப் பாருங்கள். திரைக்குப் பின்னால் இருந்தது 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி. நம் பென் டிரைவ் போலத்தான், எழுதி எழுதித் தேய்ந்துவிடும். தேய்ந்ததும் திரை இருண்டது. பின்பக்கக் கேமராவும் கூடவே போனது. 2021இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

2019இல் வந்த போர்ஷே டைகான் எனக்குப் பிடித்த ரகம். பிரேக்கை மிதித்தால் முதலில் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைக்கும். போதாதபோதுதான் பிரேக் பேடு பிடிக்கும். இந்தக் கைமாற்றம் காலுக்குத் தெரியக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதும் சாப்ட்வேர்தான், திரையில் வராத சாப்ட்வேர்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் பாட்டு, மேப் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தி வைத்து, வைப்பர் வேகத்தை மாற்ற எத்தனை முறை திரையைத் தொட வேண்டியிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.