பி53 புரதம்: ஆய்வகக் குப்பி மருந்தாகுமா?

புற்றுநோய் குறித்து இணையத்தில் தேடும் குடும்பத்தினர் சிலர், மறுசேர்க்கை முறையில் தயாரிக்கப்பட்ட மனிதப் பி53 புரதம் என்ற பெயருடன் விற்கப்படும் சிறு குப்பியைக் கண்டு, அதை வாங்கி ஊசியாகச் செலுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்கின்றனர். புற்றைத் தடுக்கும் புரதம் உடலில் பழுதுற்றிருப்பின், நல்ல புரதத்தை வெளியிலிருந்து அளிக்கலாமே என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், செலுத்தக் கூடாது என்பதே விடை.

பி53 புரதம் 1979ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் புற்றைத் தூண்டும் பொருள் என்றே கருதப்பட்ட இது, உண்மையில் புற்றை ஒடுக்குவது என்பது 1989 வாக்கில் தெளிவாயிற்று. செல்லின் டிஎன்ஏ சேதமடையும்போது, இப்புரதம் செல் பிரிவதை நிறுத்திப் பழுது சீராவதற்கு நேரம் அளிக்கிறது. சீராக்க இயலாத சேதமாயின், அச்செல்லைத் தானே மடியச் செய்கிறது. மனிதருக்கு ஏற்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இப்புரதத்திற்கான மரபணு மாற்றமடைந்துள்ளது.

ஆய்வகத்திற்கான புரதத்தைத் தயாரிக்க, மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ பூச்சியின் செல்களிலோ புகுத்தி, அவை உருவாக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்துகின்றனர். மைக்ரோகிராம் அளவில் விற்கப்படும் இது, பெரும்பாலும் உறைநிலையில் பாதுகாக்கப்படுகிறது. குப்பியின் மேல் ‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். மனித உடலில் செலுத்துவதற்கு வேண்டிய கிருமியற்ற தன்மை, நச்சுப்பொருள் அளவு, மருந்தளவு ஆகியவை மருந்துத் தரத்தில் சோதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

“இன்சுலினும் இதே முறையில்தானே தயாராகிறது?” என்று கேட்போர் உண்டு. 1982 முதல் அது மருந்தாகவும் பயன்படுகிறது. ஆனால் இன்சுலின், செல்லின் வெளிப்புறத்திலுள்ள ஏற்பியில் பொருந்தி வேலை செய்வது. பி53 புரதமோ செல்லின் உட்கருவில், நான்கு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு இயங்குவது. இரத்தத்தில் செலுத்தப்படும் புரதம் செல்லின் சவ்வைக் கடந்து அவ்விடத்தை அடைவதில்லை. பயன் இல்லாததோடு, பாக்டீரியாவின் நச்சு எஞ்சியிருப்பின் கடும் காய்ச்சல், குளிர்நடுக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படலாம். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்துள்ளவர்களுக்கு, கிருமியற்றதென உறுதி செய்யப்படாத ஊசி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சீனாவில் 2003ஆம் ஆண்டு தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ‘ஜென்டிசின்’ என்ற மருந்து அனுமதிக்கப்பட்டதை விற்பனையாளர்கள் சான்றாகக் காட்டக்கூடும். அது பி53 மரபணுவை வைரஸ் மூலம் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மருந்து. குப்பியிலுள்ள புரதத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆய்வகப் புரதத்தால் நோயாளிக்குப் பயனே இல்லை என்று கொள்ள வேண்டாம். திசுப் பரிசோதனையில் பி53 புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் எதிர்ப்பொருள்கள், இத்தகைய புரதத்தைக் கொண்டே உருவாக்கப்பட்டவை. புதிய மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும் சோதனைகளிலும் இது பயன்படுகிறது.

அவ்வறிக்கையில் ‘பி53 பாசிட்டிவ்’ என்றிருந்தால் நல்ல புரதம் மிகுதியாக உள்ளது எனப் பலர் மகிழ்கின்றனர். இது தவறான புரிதல். இயல்பான பி53 விரைவில் சிதைந்துவிடுவதால், சாயம் அங்கங்கே, அடர்த்தி கூடியும் குறைந்தும் தெரியும். மாற்றமடைந்த புரதமோ பல நேரங்களில் சிதையாமல் தேங்கி, ஏறத்தாழ எல்லாப் புற்றுச் செல்களிலும் அடர்த்தியாகத் தெரியும். வேறு சில மாற்றங்களில் புரதமே உருவாகாமல், சாயம் முற்றிலும் இல்லாமலும் போகலாம். இவ்விரண்டும் இயல்புக்கு மாறானவை. இவற்றால் சிகிச்சை மாறுமா என்பது புற்றின் வகையைப் பொறுத்தது; அதைப் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டறிக.

இம்மாற்றம் பெரும்பாலும் புற்றுக் கட்டியில் மட்டுமே காணப்படும், பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. எனினும் ஒரே குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருப்பின், லி-ஃப்ராமெனி எனும் பரம்பரைக் குறைபாடு உள்ளதா என அறிய மரபணு ஆலோசனை பெறுவது நன்று.

குப்பியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் திறக்காமல், அதன் லேபிளுடன் மருத்துவரிடம் காட்டுக. செலுத்திய பின் காய்ச்சலோ மயக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால், மறுநாள் வரை காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, செலுத்தியது எது என்பதை மறைக்காமல் கூறுக.